சிக்னலில் இறங்கிய ஊர்

அக்கா,

இன்று காலை மதுராவிலிருந்து திரும்பும்போது டெல்லிக்குள் நுழையுமுன் வண்டி நின்றது. ஜன்னல் வழியே வாய்க்கால் சேற்று நாற்றம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது.

நீ வந்த புதிதில் அந்தக் கரையில், வாய்க்காலில் தூர்வார வந்தவர்களின் நாலைந்து குடிசைகள்தானாம். கதவெல்லாம் தண்ணீரைப் பார்த்து இருக்குமாம். மதராஸ் வண்டி பக்கத்திலேயே சிக்னலுக்காக நிற்கும். உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரில் பேசாமலிருந்த தம்பிக்கு, "வாய்க்காலப் பாத்ததும் எறங்கிடு, நான் நிப்பேன்" என்று சொல்லி அனுப்பினாய். பெரிய ஸ்டேஷனுக்குப் போனால் கூட்டத்தில் தொலைந்துபோவான் என்று உனக்குப் பயம். அவன் வரவில்லை. சேதி மட்டும் ஊரெல்லாம் பரவி, மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இறங்கினோம். "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் என் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாய். குளிக்க வாய்க்கால் இருந்தது, அடுப்புக்கு எஞ்சினிலிருந்து சிதறும் கரி இருந்தது. குடிசைகள் தண்டவாளம்வரை நெருங்கின. புதுக் கதவுகளை ரயிலைப் பார்த்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு மதராஸ் வண்டிக்கும் போய் நிற்பாய். "ஒனக்கு ரயில்வேல சம்பளமாக்கா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

"எந்தம்பி எறங்கட்டும், வேலைய விட்டுர்றேன்" என்பாய்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் சர்க்காரிலிருந்து வந்து இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். யமுனைக்கு அந்தப் பக்கம் மனை கிடைத்ததில் எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். நீதான் அசையவில்லை. "அவனுக்கு இந்த எடம் ஒண்ணுதான்டி தெரியும்" என்று அழுதாய். லாரிக்காரன் "ஜல்தி, ஜல்தி" என்று கத்தினான். நீ கடைசியாக ஏறினாய். அந்தக் குளிரிலேயே நெஞ்சுச் சளியில் படுத்தாய். ஹோலிக்கு முன்பே போய்விட்டாய்.

சில வருஷம் கழித்து டெல்லியிலேயே மோதி பாக்கில் ஒரு கல்யாணம். சாம்பார் ஊற்ற வந்தவருக்கு அப்படியே உன் முகம். விசாரித்தேன். உன் தம்பிதான். நீ போன சேதி ஊரிலிருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு தடவ வந்து பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

வாளியைக் கீழே வைத்தார். "வந்தேங்க. அக்கா போன அந்தக் குளிர்லதான் வந்தேன். வாய்க்காலப் பாத்ததும் எறங்கிட்டேன். ஒடஞ்ச செங்கலாக் கெடந்துச்சு, ஒருத்தரும் இல்ல. நிப்பேன்னு சொன்ன அக்காவும் இல்ல. அக்காவுக்கு இன்னும் எம்மேல கோவம் தீரல போலன்னு நெனச்சு, வண்டி ஊதுனதும் திரும்ப ஏறிட்டேன்."

உனக்குக் கோபமே இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன், அக்கா. அவன் இறங்கினான் என்று உன்னிடம் சொல்லத்தான் எனக்கு வழியில்லை.