ஊருக்குப் பதிலாக நான்

ஜூன் 4
குடலிறக்க அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில். நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நாய்க்குட்டியை யார் பார்ப்பது? தம்பி மகன் போனில், "விட்டுடுங்க பெரியப்பா, காப்பகத்துல சேத்துடலாம்" என்றான். விடுவதாம்! பழைய செருப்பா அது?

ஜூன் 5
கால்நடை டாக்டரைக் கண்டதும் குட்டி மேசைக்கடியில் ஒண்டிக்கொண்டு உறுமியது.
"உங்களைத் தவிர மனுஷங்களையே பாத்ததில்ல போலிருக்கே! நாலு பேர் கையால சாப்பிட்டுப் பழகணும் ஐயா. இல்லேன்னா யார்கிட்டயும் தங்காது."
நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? மாடித் தையல்காரியோடு பேச்சு நின்று ஒரு வருஷம். அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் என் சுவரில் ஒழுகியது. இறங்கி வர வேண்டியவள் அவள்.

ஜூன் 8
எனக்கு எதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இதையும் நானே பார்த்துக்கொள்வேன். மழைக்கோட்டும் தொப்பியும் மாட்டி, குரலை மாற்றிக் கதவைத் தட்டி உள்ளே வந்தேன். அடுத்து கறுப்புக் கண்ணாடி. அப்புறம் குடை. குட்டி எல்லா விருந்தாளிகளிடமும் பிஸ்கட் வாங்கித் தின்றது. இந்த வீட்டுக்கு ஒரே நாளில் இத்தனை பேர் வந்ததே இல்லை.

ஜூன் 12
மழைக்கோட்டோடு என் கதவை நானே தட்டிக்கொண்டிருந்தபோது தையல்காரி படியிறங்கி வந்தாள்.
"என்ன சார், வெயில்ல மழைக்கோட்டு?"
நாய்க்குப் பயிற்சி என்றேன்.
"அதுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கு சார். நீங்க எதை மாட்டினாலும் நீங்கதான்."
கதவைச் சாத்திக்கொண்டேன். அதிகப்பிரசங்கி.

ஜூன் 13
சிலிண்டர்காரர் வந்தார். குட்டி பயத்தில் தரையை நனைத்துவிட்டது. அவள் சொன்னது சரி — அதுதான் எரிகிறது.

ஜூன் 15
மாடி ஏறினேன்.
"குட்டிக்கு உன் கையால பிஸ்கட் குடுக்கணும்."
"சுவர் விஷயம்?"
"அதுல நான் மாறலே."
"நானும்தான். பிஸ்கட்டைக் குடுங்க."
வந்து தரையில் உட்கார்ந்தாள். குட்டியைத் திரும்பியும் பார்க்காமல், சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே பிஸ்கட்டைப் பக்கத்தில் வைத்தாள். குட்டி வெகுநேரம் கழித்து வந்தது.

ஜூன் 24
அவள் மடியில் தூங்குகிறது. குறட்டை வேறு.

ஜூன் 30
ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி உறவுக்கூட்டம். என் கட்டிலருகே இருந்த நாற்காலியையும் கேட்டு வாங்கிப் போனார்கள். தையல்காரிக்குப் போன் போட்டேன்.
"சாப்பிட்டுதா?"
"வயிறு முட்ட."
"என்னைத் தேடிச்சா?"
"இல்ல சார். ஒரு தடவைகூட இல்ல."
சரி என்று வைத்துவிட்டேன். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்.