கரும்புள்ளி விழுந்த பாக்குமட்டைத் தட்டு

அக்கா,

இன்று காலை நம் ஷெட்டில் பாக்குமட்டைத் தட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்தேன். ஈரச்சாக்கு வாடை முகத்தில் அடித்தது. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இது என்ன வாடை என்று கேட்க ஆள் இல்லை. எனக்கே தெரியும் என்பதுதான் பயமாக இருந்தது. அதே மட்டையில் அழுத்திய தட்டுகள் நேற்றே ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போய்விட்டன.

நாம் தொழில் தொடங்கிய முதல் மழைக்காலம் அப்படியே கண்முன் வந்தது. பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை வந்த புதிது. கோட்டையூரில் ஒரு காதுகுத்து வீட்டுக்குத் தட்டு அனுப்பியிருந்தோம். மறுநாள், காதுகுத்து அன்று காலையில், ஷெட்டில் மிஞ்சியதை எடுத்துப் பார்த்தால், அடிப்பக்கமெல்லாம் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி. தொட்டால் விரலில் ஒட்டியது. கழுவிய மட்டையைச் சரியாகக் காயவிடாமல் மெஷினில் வைத்தது நான். அவசரத்தில் உங்களிடம் சொல்லவுமில்லை.

போய்ச் சொன்னால் காரைக்குடியில் ஒருத்தரும் நம்மிடம் வாங்கமாட்டார்கள், அங்கே போன தட்டு நன்றாகத்தான் இருக்கும் என்று கெஞ்சினேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டே, "புள்ளைக சாப்பிடுற தட்டு, ஆத்தா. நல்லா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? வா எங்கூட" என்றீர்கள்.

டவுன் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. அங்கே முதல் பந்தியில் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் நேராகப் போய் ஒரு தட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினீர்கள். புள்ளி இருந்தது.

"இதுக்குப் பிளாஸ்டிக்கே தேவல. இப்ப வந்து சொல்றீகளே" என்றார் வீட்டுக்காரர். பந்தலே நம்மைத் திரும்பிப் பார்த்தது. தப்பு எங்களுடையது என்று மட்டும் சொன்னீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொல்லை வாழையில் இலை அறுத்து, பந்தி முடியும்வரை நாம்தான் போட்டோம். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மூன்று நாள், போன் அடித்தாலே அந்த வீடோ என்று ஓடிப்போய் எடுத்தேன். அந்த வீட்டார் பிறகு நம்மிடம் வாங்கவேயில்லை.

இன்று பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போனேன். கேட் வரை போய், உள்ளே நுழையக் கால் வரவில்லை. உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. சாப்பிட ஆரம்பித்துவிட்டார்களோ?

நல்லவேளை, தட்டுகள் பிரிக்காமல் மூலையில் இருந்தன. எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றதும் டீச்சரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். விருந்து சாயங்காலம்தான், பிள்ளைகளை வீட்டுத் தட்டு கொண்டுவரச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். ஷெட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன். ஏழு தட்டில் புள்ளி இருந்தது.

அன்று காதுகுத்து வீட்டிலிருந்து திரும்பும்போது, உங்களுக்குப் பயமே கிடையாதா அக்கா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே நீங்கள் சொன்னது இன்று அந்தக் கேட்டருகே நின்றபோது காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

"எனக்கும் பயமாத்தேன் இருந்துச்சு. அந்தப் பயம் போகட்டும்னு காத்திருந்தா பந்தி முடிஞ்சிருக்கும்."