வார்த்தைதானே

2018 ஆகஸ்ட் 21, செவ்வாய்

சூப் கடையில் காலைக் கூட்டம். எல்லா மேசையிலும் ஆள். விலாங்கு எலும்பு கொதிக்கும் அண்டாவை இரண்டு கையாலும் பிடித்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்தபடி போரா சொல்கிறாள்:

“அண்ணி, இந்தக் கிண்ணத்தைப் பாரு. ஓரத்துல கீரை ஒட்டியிருக்கு. கண்ணைத் திறந்து கழுவு.”

நான் என்ன சொன்னேன்? “சரிங்க அகஸ்ஸி” என்றேன்.

எனக்கு வயது நாற்பத்தேழு. அவளுக்கு முப்பத்தெட்டு. கணவனின் தங்கை என்பதால் அவள் எனக்கு அகஸ்ஸி. அந்தக் காலத்தில் பண்ணை வீட்டு வேலைக்காரிகள் எஜமானின் மகளைக் கூப்பிட்ட சொல் அது. வேலைக்காரிகள் போய்விட்டார்கள். சொல்லை மட்டும் மருமகள்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அவளை ‘நீங்க’ என்பேன், அவள் என்னை ‘நீ’ என்பாள். அவள் சியோலில் குடித்தனம் நடத்தியபோது வருடத்தில் இரண்டு பண்டிகை நாள்தான் இந்தக் கூத்து. விவாகரத்து வாங்கிக்கொண்டு பிறந்த ஊரான தோங்யோங்குக்கே திரும்பி வந்தபின் தினமும்.

கடை மாமியாருடையது, அதனால் மகள் கல்லாவில். இத்தனை வருடம் அடுப்படியில் நின்றவள் அடுப்படியிலேயே.

மீன் ஏலக்காரர் ஒருவர் சூப்பை உறிஞ்சியபடி சிரித்தார். “முதலாளியம்மா கறார்தான்!”

அண்டாவை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டேன். அவ்வளவுதான் என் நல்ல குணம்.

ஆகஸ்ட் 23

கணவர் இன்சொப்பிடம் சொன்னேன். படகில் வேலை முடிந்து வந்து காலை நீட்டியிருந்தார். “வார்த்தைதானே, சோல் அம்மா. விட்டுடேன்.”

வார்த்தைதானே.

செப்டம்பர் 2, ஞாயிறு

இன்று மகள்.

சோல் குளியலறையிலிருந்து கத்தினாள்: “அம்மா, என் நீலச் சட்டை எங்க? துவைச்சியா இல்லையா? வாயைத் திறந்து சொல்லு!”

பதினைந்து வயதுப் பெண்கள் கத்தத்தான் செய்வார்கள். ஆனால் அந்த இழுவை, கடைசியில் மோவாயைத் தூக்கும் அந்த வெட்டு சோலுடையது இல்லை. போராவுடையது.

“யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?” என்றேன்.

“அத்தை இப்படிப் பேசினா மட்டும் சிரிச்சிக்கிட்டே ‘சரிங்க’ங்கறே. நான் பேசினா தப்பா?”

சட்டையை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த கையையே வெட்டிப்போடலாம் போலிருந்தது.

நான் சிரிக்கிறேனா? அப்போது நான் சிரிக்கிறேனா என்ன?

செப்டம்பர் 24, திங்கள், அறுவடைத் திருநாள்

வெடித்துவிட்டது.

மாமியார் வீட்டில் விடியற்காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மீன் வறுவல், சீமைச்சுரைக்காய் வறுவல், காளான் வறுவல். முன்னோர்களுக்குப் படைத்தாயிற்று. ஆண்கள் சாப்பிட்டாயிற்று. போரா தொலைக்காட்சி முன்னால் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

“அண்ணி, பேரிக்காய் நறுக்கிக் கொண்டா. போன தடவை மாதிரி தோலோட கொண்டு வந்துடாதே.”

கத்தியைக் கீழே வைத்தேன். வைத்தது நினைவிருக்கிறது. பிறகு என் வாயிலிருந்து, கத்தாமல், வெகு சாதாரணமாக வந்தது:

“போரா, நீயே வந்து நறுக்கிக்கோ.”

இன்சொப்பின் பெரியப்பா மகன் கையிலிருந்த அரிசிச் சாராயக் கிண்ணம் பாதியில் நின்றது. போராவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மாமியாருக்கு வரவில்லை.

“இப்ப என்ன சொன்னே? யாரைப் பார்த்து ‘நீ’ன்னே?”

“என்னைவிட சின்னவளைப் பார்த்துச் சொன்னேன், அத்தை.”

“உன் வீட்டுல நாக்கைக் கட்டி வளர்க்கலையா? என் மக என்ன உன் கூடப் பொறந்தவளா? போ, அவ முன்னால மண்டி போட்டு மன்னிப்புக் கேளு!”

எல்லோரும் இன்சொப்பைப் பார்த்தார்கள். நானும்தான். அவர் தட்டிலிருந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாக அவர் முள் எடுத்து நான் பார்த்ததில்லை.

“ஒரு தடவை ‘தப்பு’ன்னு சொல்லிடேன், சோல் அம்மா. நல்ல நாள் அதுவுமா.”

முன்துணியைக் கழற்றி மடித்து வைத்தேன். ஏன் மடித்தேனோ! செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். பின்னாலேயே இன்சொப் காரில் வந்தார். “ஏறு. ஊரே பார்க்குது.”

“ஊர் பார்க்கறது இப்பத்தான் தெரியுதா? உள்ள எல்லாரும் என்னைப் பார்த்தாங்களே, அது தெரியலையா? நீ என்ன மனுஷன்?”

‘நீ’ என்றுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை. அவர் கை ஓங்கவுமில்லை, கத்தவுமில்லை. யாரோ முகத்தில் தண்ணீரை வீசியதுபோல் விழித்துக்கொண்டு நின்றார்.

வார்த்தைதானே, இன்சொப்? இப்போது எதற்கு விழிக்கிறாய்?

செப்டம்பர் 27

கடை திறந்தது. போரா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள்.

“வணக்கம். மூன்றாம் மேசைக்கு இரண்டு சூப் தேவைப்படுகிறது. தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் தயார் செய்து தர முடியுங்களா?”

வங்கியில் கடன் மறுக்கும் பெண்ணின் குரல். நாள் முழுக்க இப்படித்தான். தாங்கள், தங்கள், தயவுசெய்து. வாடிக்கையாளர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நான் மட்டும் விடுவேனா? “தாங்கள் கேட்டபடியே தயார். தாங்களே வந்து தூக்கிக்கொள்ளலாம்” என்றேன்.

மரியாதை கேட்டேன், வந்துவிட்டது. ஆலங்கட்டி மழை மாதிரி வந்து மண்டையில் விழுகிறது. ‘நீங்க’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேனே, முட்டாள்! ஒருத்தி வாயில் அது பாய் விரித்து உட்காரச் சொல்கிறது. இன்னொருத்தி வாயில் அதே சொல் கதவை முகத்தில் சாத்துகிறது.

இன்சொப் சமையலறைப் பக்கம் படுக்கிறார்.

அக்டோபர் 9

எழுத்துத் திருநாள் விடுமுறை. நம் மொழி எவ்வளவு பண்பானது, ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது என்று வானொலியில் ஒரு பேராசிரியர் உருகினார். அணைத்துவிட்டேன்.

நவம்பர் 13, செவ்வாய்

சிப்பிக் காலம். விடிந்ததும் சந்தைக்கு நானும் போராவும் போனோம். கடை வண்டி, வேறு வழியில்லை.

சிப்பி வியாபாரி சோன். அறுபது வயது, வாய் மட்டும் சாக்கடை. போரா, வாளியை வண்டியில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னாள்.

“ஏய், திரும்பி வந்த சரக்கு! உன்னையே அவன் தூக்கிப் போட்டுட்டான், உன் வாளியை நான் தூக்கணுமா?”

சிப்பி உடைக்கும் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். போராவுக்குக் காது சிவந்தது. கல்லாவில் உட்கார்ந்து என்னைக் கிழிக்கிறவள், அங்கே வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டில் ஒரு சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

“யாருய்யா சரக்கு? உன் மக வயசுப் பொண்ணை ‘ஏய்’ங்கறே. இன்னொரு தடவை சொல்லிப் பாரு, இந்த வாளி உன் வாயில இருக்கும்!”

“அட, உனக்கென்னம்மா? உன்னை வேலைக்காரியாட்டம் வச்சிருக்கறவதானே இவ? ஊருக்கே தெரியுமே.”

“அது எங்க வீட்டுச் சண்டை. நாங்க போட்டுக்கறோம். உன் சிப்பி வேணாம், நீயே வச்சு அவிச்சுத் தின்னு.”

வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

வண்டிக்கு வந்ததும் நன்றி சொல்வாளென்றா நினைத்தேன்? கதவை அறைந்து சாத்தினாள். “உன்னை நான் கேட்டேனா? பரிதாபப்பட்டுப் பேசச் சொன்னேனா?”

“பரிதாபமா? உன் மேலயா? எனக்கு வேற வேலையில்லையா? ஏன்டி சிரிச்சுக்கிட்டு நின்னே?”

“பழக்கம்! சியோல்ல, அந்த வீட்டுல, பள்ளிக்கூடம் போற அவன் தங்கச்சியை ‘அகஸ்ஸி, சாப்பிடறீங்களா, அகஸ்ஸி, தூங்கறீங்களா’ன்னு கேட்டுக்கேட்டு... அது என் முகத்துல பாலை ஊத்தினப்பகூட சிரிச்சேன். பழகிப் போச்சு, போதுமா?”

அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது.

“அப்ப வலிக்கும்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் என்னைப் பேசினே.”

மூக்கைச் சிந்தினாள். “தெரிஞ்சேதான். ஒரு வீட்டுலயாவது மேல உக்காரணும்னு இருந்துச்சு.”

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். வலி தெரிந்த ஒருத்தி, அளவெடுத்து அதையே எனக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு அறை விட்டிருக்கலாம். ஸ்டீயரிங்கைத்தான் குத்தினேன். ஹாரன் அலறியது, பக்கத்தில் தூங்கிய பூனை பாய்ந்து ஓடியது.

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அந்த வண்டிக்குள் இரண்டு பேரும் ‘நீ, நீ’ என்றே கத்தியிருக்கிறோம். அகஸ்ஸியும் இல்லை, தாங்களும் இல்லை.

நவம்பர் 14

“உப்பு ஜாஸ்தி” என்றாள் போரா.

“நாக்கைக் கழுவிட்டு வந்து சொல்லு” என்றேன்.

ருசி பார்த்தேன். ஜாஸ்திதான். தண்ணீர் ஊற்றினேன், அவள் பார்க்காதபோது.

டிசம்பர் 30

பிப்ரவரியில் சந்திரப் புத்தாண்டுப் படையலுக்கு நான் வரவேண்டுமாம். வந்ததும் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். மாமியார் சொல்லி அனுப்பினார். தூது வந்தவர் இன்சொப்.

கடையில் கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்த போரா நிமிர்ந்தாள். “அண்ணா, அம்மா சொன்னதை இங்க வந்து சொல்லத் தெரியுதே. இவ சொல்றதை அங்க போய்ச் சொல்ல உனக்கு வாய் வராதா?”

அவர் புகை பிடிக்க வெளியே போனார். சிகரெட்டை விட்டு ஆறு மாதம் ஆகிறது அவருக்கு. பாக்கெட்டில் ஒன்றுமில்லாமல் சும்மா பனியில் நின்றார்.

நிற்கட்டும்.

2019 பிப்ரவரி 5, செவ்வாய், சந்திரப் புத்தாண்டு

போவதாக இல்லை. “நீ வராட்டா நானும் போகலை, உன் வறுவல் இல்லாம அந்த வீட்டுல என்ன இருக்கு” என்றாள் போரா. பாராட்டா, திட்டா? போனேன்.

தலை தாழ்த்தி வணங்கினேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“முதல்ல இவளை அகஸ்ஸின்னு கூப்பிட்டு மன்னிப்புக் கேளு. அப்புறம் கும்பிடு.”

“எனக்கு வேணாம்மா” என்றாள் போரா. “என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. நான்தான் கூப்பிடச் சொன்னேன்.”

பொய். நான் யாரையும் கேட்டுக் கூப்பிடவில்லை. ஆனாலும் சும்மா இருந்தேன்.

“நீ வாயை மூடு. இன்சொப், நீ சொல்லுடா உன் பொண்டாட்டிக்கு.”

அவர் கையில் கரண்டி. முகம் வெளிறிவிட்டது. தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார். கிளம்ப மறுக்கும் படகு இயந்திரம்போல் வந்தது பேச்சு, என் பெயரோடு:

“அம்மா... ஒக்ரான் பண்ணதுல தப்பில்லை. நான்தான்... அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

இவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம்? சந்தோஷம் வரவில்லை. எழுந்து போய் அவரை நாலு சாத்து சாத்தலாம் போல்தான் வந்தது.

மாமியார் யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், படையல் மேசையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“சூப் ஆறுது.”

நீயும் இல்லை, நீங்களும் இல்லை. யாருக்கென்றும் இல்லை. கிழவி தேடித்தேடிக் கண்டுபிடித்த வாக்கியம். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் இன்சொப் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு போய்த் தொட்டி முன்னால் நின்றார். சட்டைக் கையை மடிக்கக்கூட இல்லை. கழுவி வைத்த கிண்ணங்களிலெல்லாம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. மாமியார் என்னைப் பார்த்தார். சோல் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை.