எடுத்து வெய்யி, ஆவும்

இன்று காலை கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டும்போது என் போன் தானாகவே உன்னைக் காட்டியது. போன டிசம்பரின் படங்களை அதுவே பொறுக்கி வரிசையாக ஓடவிட்டிருந்தது. யாரும் கேட்காத ஒரு பியானோ இசை வேறு. இசையை நிறுத்தினேன், படங்களை ஓடவிட்டேன். நான் பையை வைத்து உனக்கு இடம் பிடிக்கும் இருக்கையில் இப்போது ஒரு டிரெய்னி பெண் உட்கார்கிறாள். ஏறியதும் தூங்கிவிடுவாள். எனக்கு அது வசதிதான்.

நீ டைம் ஆபீஸ். நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் லேப். கேட்டுக்குள் என்னை ‘மேடம்’ என்பாய். பஸ்ஸில் ஏறிவிட்டால் ‘அக்கா’; அக்கா என்றாலும் வா, போ தான். வருகைப்பதிவு, ஓ.டி., கேட் பாஸ் எல்லாம் உன் ஜன்னல் வழியாகப் போனதால், யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் பத்திரிகை உனக்குத்தான் வரும். எனக்கு வருவது குறைவு. வந்தாலும் போக மாட்டேன்.

நம் பக்கத்தில் டிசம்பர் இரண்டு துண்டு. மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று கல்யாணமும் கிரகப்பிரவேசமும் முதல் பாதியில் முண்டியடிக்கும். அவை ஓய்ந்ததும் உங்கள் தெருவில் நட்சத்திர விளக்குகள் ஏறும். நீ இரண்டு பாதியிலும் இருப்பாய். போன வருடம் உனக்குப் பேச்சுத் துணை வேண்டுமென்று என்னையும் இழுத்தாய். என்னைப் படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். சரி, அப்படியென்றால் நீயே எடு என்று சொல்லிவிட்டாய். நான்கு விசேஷம் போய் வந்த பிறகு பஸ்ஸில் என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

“போட்டோ எடுக்கறேன்னு ஒளிஞ்சிக்கறதுல உன்ன அடிச்சிக்க ஆள் இல்லக்கா.”

உண்மைதான். அதனால்தான் அந்த மாதப் படங்கள் முழுவதிலும் நீ இருக்கிறாய், நான் இல்லை.

குன்றத்தூர் கல்யாணம் நினைவிருக்கிறதா? உனக்கு ஆட்களை வருகைப்பதிவு டோக்கன் நம்பரால்தான் தெரியும். நம் கம்பெனி பிரஸ் ஷாப்பில் ஒரு பையனுக்குக் கல்யாணம். அவனுக்குச் சம்பளச் சீட்டில் ஒரு பெயர், லைனில் கூப்பிடுவது வேறு பெயர், பத்திரிகையில் மூன்றாவதாக ஒன்று. அன்று பெரிய முகூர்த்தம். மலையடிவாரத்தில் எந்த மண்டபத்தைப் பார்த்தாலும் வாழைமரம். ஒரு பிளெக்ஸில் அந்த மூன்றில் ஒன்றான ‘பிரகாஷ்’ கண்ணில் பட்டதும் நீ உள்ளே நுழைந்துவிட்டாய். பந்தியில் ரசம் வரைக்கும் வந்த பிறகுதான், மாலையோடு மேடையில் நிற்பவர் எந்த டிபார்ட்மென்ட் என்று நான் கேட்டேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

“யார்க்கா இவன்? நம்ம டோக்கனே இல்லியே.”

நான் எழுந்துவிடலாம் என்றேன். மோர் சாப்பிடாமல் எழுந்தால் சந்தேகப்படுவார்கள் என்றாய். சாப்பிட்டு முடித்து, வாழ்த்தாமல் போனால் நன்றாக இருக்காது என்று மேடையேறி, கொண்டுபோன சுவர்க் கடிகாரத்தை அந்த முன்பின் தெரியாத ஜோடிக்கே கொடுத்துவிட்டாய். மாப்பிள்ளை வீட்டார் நம்மைப் பெண் வீடு என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று. மூவரும் சிரிக்கும் அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. இறங்கி வந்ததும் என் காதில் சொன்னாய்.

“அந்தப் பொண்ணு ஜாக்கெட் கை பாத்தியா? எடுத்து வெய்யி, ஆவும்.”

எடுத்தேன். அரை முழங்கை, நாலு பாசிமணி, மீதி எல்லாம் கலங்கல்.

அந்த மாதம் முழுக்க இதே வார்த்தைதான், எல்லாம் பிறகு உதவுமாம். யார் வீட்டுச் சமையலறையிலோ பருப்பு டப்பா வைக்கும் ஷெல்ஃப், எடுத்து வெய்யி. உங்கள் சர்ச்சில் கேக்கைச் சுற்றிக் கட்டியிருந்த ரிப்பன், எடுத்து வெய்யி. கேரல் பாடுகிறவர்கள் உன் வீட்டுக்கு வந்த அன்று நான் பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்கு எந்தச் சாமியோடும் பேச்சுவார்த்தை இல்லை என்று உனக்குத் தெரியும். தட்டை என் மடியில் வைத்து, “நீ கும்புட வேணாக்கா, கேக்க துன்னு” என்றாய். அப்போதும் அந்த ரிப்பன் முடிச்சை எடுக்கச் சொன்னாய். இந்தப் படங்களில் பாதி என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. போனில் இடம் குறைந்தால் முதலில் அழிக்க வேண்டியவை என்று மனதில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்து சில வாரங்களில் நீ போய்விட்டாய். காலையில் தலைவலி என்று படுத்தாய், மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. மூளையில் ரத்தக் கசிவு. முன்னாடியே ஏதாவது அறிகுறி இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்ன ஒரு வரி உன் வீட்டிலேயே தங்கிவிட்டது. உன் நாத்தனார் அதற்குக் கைகால் வைத்தார். ‘அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் ஒரு வூடு விடாம போயி எல்லாரையும் பாத்துட்டு வந்துட்டா’ என்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் தலையாட்டினார்கள். நம் பஸ்ஸிலேயே அதை இரண்டு பேர் என்னிடம் ஒரு புண்ணியக் கதை போலச் சொன்னார்கள். நீ எல்லா வருடமும் அப்படித்தான் போவாய், பிரியாணி எங்கே நன்றாக இருந்தது என்று தரவரிசையே வைத்திருந்தாய் என்று நான் சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை.

போன ஞாயிறு உன் கணவர் சாமுவேல் என் வீட்டுக்கு வந்தார். பிப்ரவரியில் உனக்கு முதலாண்டு நினைவு ஜெபம்; பெரிதாகப் போட ஒரு படம் வேண்டும் என்றார். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து என் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒரு படத்தில் விரல் நின்றுவிட்டது. நீ கண்ணை மூடி, இரண்டு கையாலும் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தாய். வெகுநேரம் அதையே பார்த்தார். படம் கேட்டு வந்தவர் இல்லை அவர் என்று அப்போதுதான் புரிந்தது.

“மேடம், அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லாமயே உட்டுட்டாளா? இத்தினி வருசம் கூட இருந்தவங்கிட்ட சொல்லலன்னா நான் இன்னா மனுசன்?”

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தெரிந்ததைச் சொன்னேன். படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்: கறுப்பாக, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. அதே குன்றத்தூர் மண்டபம். அப்போது நீ சொன்னதையும் சொன்னேன்: “இந்தப் பாட்டு காதுல பூந்து மண்டையில குந்திகினு கீதுக்கா.” அவர் முகம் சிரிப்புக்குப் பக்கத்தில் வந்து திரும்பிப் போனது. ஒரு படத்துக்கு விளக்கம் கிடைத்தால் பத்து மாதத்துச் சந்தேகம் போய்விடாது.

பிறகு அவர் விரல் குப்பை என்று நான் ஒதுக்கியவற்றுக்குள் போனது. ஜாக்கெட் கை. ஷெல்ஃப். ரிப்பன். அப்புறம் ஒரு இரும்பு கேட். அதன் மேல்கம்பியைப் பிடித்தபடி, கழுத்துக்கு மேல் இல்லாத ஒரு பெண்.

இது என்ன என்றார். படப்பையில், வீடு கட்ட நீங்கள் வாங்கிய மனைக்கு இரண்டு தெரு தள்ளி நடந்த கிரகப்பிரவேசத்தில் எடுத்தது. உங்கள் மனையில் அப்போது அஸ்திவாரம் மட்டும்தான், இப்போதும் அதுதான். கேட்டோடு ஒட்டி நின்று, ‘என்னயும் சேத்து எடு, அளவு தெரியணும்ல. மூஞ்சி வேணாம், வேர்த்து வழியுது’ என்றாய். கேட் உன் தோள் வரை வந்தது. ஏன் இவ்வளவு குட்டையாக என்று கேட்டேன்.

“ஒயரமா வெச்சா ஜெயிலு மாரி கீதுக்கா. ரோட்ல போறவங்ககிட்ட நின்னுகினு பேச வேணாமா?”

இதைச் சொன்னதும் சாமுவேல் போனைக் கீழே வைத்துவிட்டார். கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். ஜனவரி முழுக்க நீங்கள் இருவரும் இந்த கேட்டுக்காகத்தான் பேச்சில்லாமல் இருந்தீர்களாம். அவருக்குத் திருடன் பயம், தகரம் அடித்த ஆள் உயர கேட் வேண்டும். உனக்குத் தோள் உயரம்.

“சாவப் போறன்னு தெரிஞ்சவ, கேட்டுக்கு ஒரு மாசம் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருப்பாளா மேடம்?”

லேபில் இந்த அளவு ஆதாரத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தெரிந்தும் சண்டை போடுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். பஸ் ஏறி உட்காருவதற்குள் முந்தின நாள் குழம்பு அடிப்பிடித்தது வரை சொல்லி முடிப்பவள் நீ. உனக்கு எதையும் உள்ளே வைத்திருக்கத் தெரியாது. அதை அவரிடம் சொன்னேன், சந்தேகமில்லாமல் சொன்னேன். அவர் எழுந்தார். நினைவு ஜெபத்துக்கு அந்தக் கடிகாரக் கல்யாணப் படத்தையே, ஜோடியை வெட்டிவிட்டு, அனுப்பச் சொன்னார். பிறகு அதைப் பார்த்து, பல் தெரிகிறது என்று உன் நாத்தனார் முணுமுணுத்தாராம், இவர் இருக்கட்டும் என்றுவிட்டாராம். அன்று கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அந்த கேட் படத்தையும் கேட்டார்.

இன்று மாலை படப்பையில் இறங்கிக்கொண்டேன். அந்த கேட்டைச் செய்யக் கொடுக்கச் சாமுவேல் வெல்டிங் கடைக்கு வரச் சொல்லியிருந்தார், படம் எடுத்தவள் நான் என்பதால். வெல்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிசைன் புரிகிறது, உயரம்தான் தெரியவில்லை என்றார்.

“இந்தம்மா எவ்ளோ ஒயரம் இருப்பாங்க?”

அளவு சொல்வதுதான் என் வேலை. எனக்குத் தெரியவில்லை. சாமுவேல் எழுந்து நின்றார். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தன் மூக்குக்கு நேராக நிறுத்திப் பார்த்தார். கொஞ்சம் இறக்கினார். மோவாய்க்கு நேராக வந்ததும் கை நின்றது.

“இது வரிக்கும். தோளு இன்னும் கீழ, இங்க.”

வெல்டர் அந்தக் கையிலிருந்து தரை வரை டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, சாக்பீஸைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். அவர் போன பிறகும் கை இறங்கவில்லை. உன் தோள் இருந்த இடத்திலேயே காற்றில் நின்றது.

உன் ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்த பத்திரிகைகளில் சில இந்த டிசம்பரில் என் மேஜைக்கு வருகின்றன. சிலவற்றுக்குப் போகிறேன். மண்டபப் பெயரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான். நீ சொன்ன படங்கள் எதையும் அழிக்கவில்லை. கடையில் என் கை தானாகப் போனை எடுத்தது. அவர் முகத்தை விட்டுவிட்டு, அந்தக் கையை மட்டும் எடுத்தேன்.

எடுத்து வைத்திருக்கிறேன். ஆவும்.