மருமகள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்ட மாமாவுக்கு

என்றைக்கும் என்னை ‘அம்மாடி’ என்றே கூப்பிட்ட மாமா,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். முதலில் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டுச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பக்கவாதம் வந்து நீங்கள் படுத்திருந்தபோது, வீட்டுக்கே வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டும் அரசாங்க நர்ஸ் நம் தெருவுக்கு வந்தார்கள். அந்த உதவி ஆதரவற்றவர்களுக்கு மட்டும் என்பது நமக்குத் தெரியாது. “பாத்துக்க யாருங்கய்யா இருக்காங்க?” என்று கேட்டதுதான் தாமதம், கோணின வாயோடு தெளிவாகச் சொன்னீர்கள்: “எனக்கு என்னம்மா கொற? மருமவ இருக்குது. பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது.” நர்ஸம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கேட்டு நெஞ்சு குளிர்ந்தது. விஷயம் தெரிந்ததும் வயிறு எரிந்தது. அப்புறம் ஒவ்வொரு கட்டுக்கும் உங்களை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பீர்கள். செராமிக் கம்பெனியில் அத்தனை வருஷம் சூளை வெக்கையைப் பொறுத்த மனுஷன், அந்த வண்டியில் அழுதீர்கள். என்னைப் புகழ்ந்து என்ன கண்டீர்கள் மாமா? கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

இப்போது அத்தையும் படுக்கை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உங்கள் மகன் லாரியில் போனால் திரும்பி வர ஒரு வாரமாகிறது. நேற்றுக் காலை அத்தைக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், வாசலில் வேறொரு நர்ஸம்மா. உள்ளே வந்ததும் அதே கேள்விதான்.

அத்தை உங்களை மாதிரி ஏமாறுவார்களா?

“எனக்கு நாதியே இல்லீங்கம்மா.”

“அப்ப இவங்க யாரு?”

“அதுவா, பக்கத்து வூட்டுப் பொண்ணு. கஞ்சி குடுக்க வந்துச்சு.”

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “புள்ள, மருமவ யாரு இருந்தாலும் இனிமே வருவோம் பாட்டி. ரூல மாத்திட்டாங்க” என்றார்கள்.

“அப்ப இது என் மருமவதாம்மா” என்று சொல்லி அத்தை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “இத அன்னிக்கே மாத்தியிருந்தா, அவரு நோவாம போயிருப்பாரு.”

அதைக் கேட்டதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அத்தை முதுகு சிவந்திருந்தது, புண்ணாகுமுன் நர்ஸம்மா பார்த்துவிட்டார்கள். மருந்து போட்டு, எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது, “நீங்க ராத்திரி தூங்கறீங்களாம்மா?” என்று என்னைக் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை மாமா.

பக்கத்திலிருக்கும் மங்கலம்பேட்டைக்கு இந்த ஏற்பாடு இன்னும் வரவில்லையாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அங்கே படுத்துக் கிடக்கிறவர்கள் எத்தனை பேரோ? அவர்களுக்கு எப்போது வருமோ?

உங்களோடு போட்ட சண்டை இதோடு முடிந்தது. உங்களுக்கு வந்த புண் அத்தைக்கு வர விடமாட்டேன், இது சத்தியம். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது கேட்டால், மருமகள் இருக்கிறாள் என்று தாராளமாகச் சொல்லுங்கள். இப்போது அப்படிச் சொன்னால் ஒன்றும் கெட்டுப் போகாது.

உங்கள் மருமகள்,
நேற்று ஒரு நிமிஷம் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்