அளவு பார்க்காமல் நீ வாங்கிய சைலன்சர்

அன்பு மாப்பிள்ளை அந்தோணிக்கு,

சுகமா என்று கேட்க வழியில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏன் மாப்ள, சைலன்சர் வாங்குகிறவன் வண்டியில் இருக்கிற புகைக்குழாயை ஒரு தடவை அளந்து பார்க்க மாட்டானா?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழாமலே போன பிறகு, என் தங்கச்சி கார் ஓட்டப் படித்துக்கொண்டாள். உன் ஜெசிந்தாதான். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஷிப்டுக்கு சூரியநெல்லியிலிருந்து பஸ் ஒத்துவரவில்லை. உன் பழைய காரில்தான் போகிறாள். போன மாதம் ஏற்றத்தில் சைலன்சர் துருப்பிடித்து முறிந்து ரோட்டில் விழுந்துவிட்டது.

அந்த வண்டிக்கென்றே உள்ளதைப் போடியில் வாங்கிவிடலாம் என்றேன். அவளோ கட்டிலுக்கடியிலிருந்து, நீ ஆன்லைனில் வரவழைத்துப் பிரிக்காமலே வைத்திருந்த பெட்டியை இழுத்தாள். "வண்டி நல்லா உறுமணும்னு அவுக ஆசைப்பட்டு வாங்குனதுண்ணே. மாட்டுனா இதத்தான் மாட்டணும்."

பிரித்துப் பார்த்தால், அதன் வாய்க்குள் நம் வண்டிக் குழாய் போய்க் கடகடவென்று ஆடுகிறது. சுற்றிலும் என் சுண்டுவிரல் நுழைகிறது. எந்த வண்டிக்கு வாங்கினாய், லாரிக்கா?

தேயிலை ஃபேக்டரியில் இத்தனை காலமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறவன், இதற்குத் தோற்கலாமா? இடைவெளியில் தகரத்தைச் சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஜெசிந்தா ஓட்ட, நானும் உன் மகளும் ஏறிக்கொண்டோம். பாதி ஏற்றத்தில் கிளாம்ப் நழுவியது. வண்டிக்குள்ளே புகை. பிள்ளை இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது.

அங்கேயே இறங்கி உன்னைத் திட்டினேன் மாப்ள. தேயிலைக்காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். இதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடு என்றேன். ஜெசிந்தா பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்கண்ணே. மாட்டிக் குடுத்துட்டுத் திட்டுங்க."

மறுபடியும் கழற்றினேன்.

மூணாரில் ஒரு லேத் பட்டறையில், ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை அகலமாகவும் ஒரு இணைப்புத் துண்டு செய்யச் சொன்னேன். வெல்டிங்காரர், அளவு பார்க்காமல் இதை யார் வாங்கியது என்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். அவர் பார்த்துத்தான் வாங்கினார், உம் வேலையைப் பாரும் என்றுவிட்டேன். உனக்காகப் பொய்யும் சொல்ல வைத்துவிட்டாய்.

துண்டை வைத்துப் பற்றவைத்தால், பின்னால் தொங்கவிடுகிற கொக்கி இடம் மாறி நிற்கிறது. குழியில் இறங்கும்போதெல்லாம் சைலன்சர் ஆக்சிலில் இடிக்கிறது. அதற்கும் ஒரு பட்டை அடித்து, ரப்பர் மாட்டி, ஒரு வழியாக முடித்தேன். புகைக் கசிவு இல்லை.

ஜெசிந்தா சாவியைத் திருப்பினாள். பெரிதாக உறுமும் என்று காத்திருந்தோம். சளி பிடித்த எருமை தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். இதைக் கேட்கத்தானா அவ்வளவு ஆசைப்பட்டாய்?

அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். உன்னை அடக்கம் செய்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிள்ளையும் சேர்ந்துகொண்டது. அப்புறம் கியரைப் போட்டு, இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

நான் கிரீஸ் கையோடு நின்றேன். இனி நீ எதையாவது வாங்கிவந்து என் தலையில் கட்டப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கும் உன்மேல்தான் கோபம் வந்தது.

மழைக்கு முன்னால் வெல்டிங்கின் மேல் துரு ஏறாதபடி பெயிண்ட் அடித்துவிடுகிறேன். அவள் அந்த வண்டியை ஓட்டும் காலம்வரை, அதன் அடியில் படுத்து நட்டை இறுக்க நான் இருப்பேன். நீ கவலைப்படாதே.

இன்னும் கோபம் ஆறாத,
உன் மச்சான்
சேவியர்