ஒரு கழித்தல் குறி

மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். தலைவலி மட்டும் விட்டபாடில்லை. உன் கட்டுரையின் நகல் வந்தது. சன்னலே இல்லாத அந்த ஆய்வறையில் நீயும் நானும் ஐந்து வருடம் முட்டி மோதிய அதே ஸ்கேலார் புலம். வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண், அவ்வளவுதான். அதற்கு இப்போது, ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்கிற மீச்சமச்சீரைச் சொல்லி, வரன் பார்த்து, எலக்ட்ரான் இனத்து ஃபெர்மியான் ஒன்றை முடிச்சுப் போட்டிருக்கிறாய். உனக்கும் ஒரு துணை சேர்ந்திருக்கிறது. யாரோ புது ஆய்வாளர், உன் பெயருக்குப் பக்கத்திலேயே. எனக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி நன்றி. கறிவேப்பிலைக்குக்கூட அதைவிட மரியாதை உண்டு. வயிறு எரிகிறது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆத்திரத்தோடு அன்றே கணக்குப் போட்டேன். புலம் கொடுக்கும் முடிவிலியை அதன் துணை கொடுக்கும் முடிவிலி அடித்துவிடும் என்கிறாய். எனக்கு அது இரட்டித்து நிற்கிறது. கட்டுரை தவறு என்று இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன். நட்பு வேறு, இயற்பியல் வேறு. கோபிக்காதே.

அன்புடன்,
உம்மணாமூஞ்சி

மார்ச் 8

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

ஆசிரியர் கட்டுரையை நிறுத்தி வைத்துவிட்டார். உன் கணக்கையும் அனுப்பியிருந்தார். துணையின் பங்கான ஃபெர்மியான் வளையத்துக்கு ஒரு கழித்தல் குறி வர வேண்டும். நீ போடவில்லை. போட்டுப் பார், இரட்டித்தது பூச்சியமாகும். முதலாண்டுப் பிள்ளைகள் இதை விட்டால் சாக்கட்டியை எறிகிற ஆள் நீ.

சேர்ந்து செய்யலாம் என்று இரண்டு முறை கேட்டேன். “அதெல்லாம் வேலையத்தவங்க கட்டுற காகித வீடு, நீயே விளையாடு”ன்னு சொன்னது யாரு? அதற்குப் பிறகுதான் வேறு ஆளைத் தேடினேன்.

இருபதாம் தேதி எனக்கு நேர்முகம். இந்தத் தற்காலிக வேலை நிரந்தரமாக அந்தக் கட்டுரை ஒன்றைத்தான் நம்பியிருக்கிறேன். ஆட்சேபம் நிற்கும்வரை அது செல்லாதாம். ஆட்சேபித்தவரே விலக்கிக்கொள்ள வேண்டுமாம். ஒரே வரி எழுதிப் போடு. அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

உன்,
வாயாடி

மார்ச் 13

என் அருமை வாயாடிக்கு,

குறி விட்டுப்போனது உண்மைதான். உன் கடிதத்தைப் படித்த கணமே தெரிந்துவிட்டது. உன் கணக்கு சரி. அழகாகவும் இருக்கிறது, அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கேட்டதும் நான் மறுத்ததும் நினைவிருக்கிறது. மூன்றாம் முறை கேட்டிருந்தால் வந்திருப்பேன். அதற்குள் உனக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஆசிரியருக்கு எழுதி உறையும் ஒட்டிவிட்டேன். விடைத்தாள் கட்டு மலையாகக் கிடக்கிறது, தபால் நிலையம்வரை போக ஒழியவில்லை. இருபத்தொன்றாம் தேதி என் கையாலேயே சேர்த்துவிடுகிறேன். நீ கவலைப்படாதே.

இருபதாம் தேதி நேர்முகம் நல்லபடி நடக்க மனமார்ந்த வாழ்த்துகள்.

என்றும் மாறாத அன்புடன்,
உம்மணாமூஞ்சி